கன்னத்தில் ஒதுக்கிய மாத்திரை

தை 28, ஞாயிறு

போர் போடுகிற ரிக் வண்டியில் வேலை பார்த்தவரை தினமும் எழுதுவேன். எத்தனை அடி இறங்கியது, எங்கே பாறை, எங்கே ஈரம், எங்கே வெறும் புழுதி. இப்போது வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். கை கேட்கவில்லை. இறங்க அடி இல்லாவிட்டால் என்ன, என் கதையையே எழுதுவோம்.

ஐப்பசியில் எனக்கு மாரடைப்பு வந்தது. ஈரோட்டு ஆஸ்பத்திரியில் நெஞ்சு ரத்தக் குழாயில் ஒரு கம்பிவலைக் குழாய் வைத்து அனுப்பினார்கள். டாக்டரம்மா படம் போட்டு விளக்கியபோது, “இது நாங்க போருக்குள்ள இறக்கற கேசிங் பைப்புங்க” என்றேன். மேல்மண் சரிந்து குழியை மூடாமல் இருக்க நாங்கள் இறக்குகிற அதே சங்கதி. அந்தம்மா சிரித்துவிட்டுச் சொன்னார்: “ஆனா உங்க பைப்பு மேல மண்ணு வந்து ஒட்டாது. இதுமேல ரத்தத் தட்டணு வந்து ஒட்டும். காயத்தை அடைக்கறதுதான் அதோட வேலை. புதுக் குழாயையும் காயம்னு நெனச்சு அடைச்சுப் போடும். அது ஒட்டாம இருக்கத்தான் இந்த ரெண்டு மாத்திரை.”

ஒன்று ஆஸ்பிரின். இன்னொன்று குளோபிடோகிரல். இரண்டாவதன் பெயர் என் வாயில் நுழையாது, மாத்திரை மட்டும்தான் நுழைகிறது. என் வீட்டுக்காரி சாமியாத்தாள் இரண்டுக்கும் மாட்டுப் பெயர் வைத்துவிட்டாள். ஒன்று வெள்ளை, ஒன்று செவலை. காலைப் பலகாரம் ஆனதும் சொம்புத் தண்ணீரோடு வந்து நிற்பாள்.

“ஏனுங், வெள்ளையும் செவலையும் பூட்டியாச்சுங்களா?”

விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் நகர்வாள். அதுவரை பேச்சு, அதன்பிறகும் பேச்சு. இருபத்தைந்து வருஷம் நான் ஒரிசா, ராஜஸ்தான் என்று ஊர் ஊராகத் துளை போட்டுக்கொண்டிருந்தேன். தோட்டம், மாடு, மகள் எல்லாவற்றையும் இவள் தனியாளாகப் பார்த்தாள். அப்போது பேச ஆளில்லாமல் சேர்த்துவைத்ததையெல்லாம் இப்போது அவிழ்த்துவிடுகிறாள் போல. நான் குறை சொல்லவில்லை. காதுக்கு மட்டும் ஒரு கேசிங் பைப் இருந்தால் தேவலை.

மாசி 3, வியாழன்

சவரம் செய்யும்போது கன்னத்தில் கீறிவிட்டது. இந்த மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து சின்னக் கீறலுக்கும் ரத்தம் நிற்க நேரமாகிறது. சாமியாத்தாள் பஞ்சை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கதை சொல்லுவாள். ஒரு கீறலுக்கு ஒரு சொந்தக்காரர் கதை என்று கணக்கு. இன்றைக்கு அவளுடைய சின்ன நங்கையா, அதாவது அண்ணி, கல்யாணத்தில் பந்தியில் நடந்த சண்டை. சண்டை தீர்ந்து, சமாதானமாகி, பெண் தலைப்பிரசவத்துக்கு வந்த பிறகுதான் ரத்தம் நின்றது.

முழங்கால் வலிக்கு ரிக்கில் போடுகிற வலி மாத்திரை ஒன்று போடலாம் என்று எடுத்தேன். கோயமுத்தூரில் இருக்கிற மகள் இளமதிக்கு உடனே போன் போய்விட்டது.

“அப்பா, அதும் இதும் சேந்தா வயித்துக்குள்ள ரத்தம் கசியும். டாக்டரம்மாவைக் கேக்காம எதையும் வாயில போடாதீங்க. வெளிய போறது கருப்பாப் போச்சுன்னா உடனே சொல்லோணும், என்ன?”

பெற்ற மகளுக்கு இதையெல்லாம் அறிக்கை கொடுக்கும் காலம் வந்துவிட்டது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள் சாமியாத்தாள்.

மாசி 11, வெள்ளி

அவள் தம்பி நாச்சிமுத்து வந்திருந்தான். மோர் குடித்து முடிக்கும் முன் உளறிவிட்டான்.

“பங்குனி உத்தரத்துக்கு இன்னும் ஒரு மாசந்தானுங்க மாமா. வேலு வாங்கியாச்சுங்களா?”

“என்ன வேலு மாப்ள?”

“அட, உங்க கன்னத்துல குத்தறதுக்குத்தானுங்க. ஆஸ்பத்திரியில அக்கா நேந்துக்கிட்டாளே. ஏனக்கா, மாமனுக்குச் சொல்லவே இல்லையா?”

சாமியாத்தாள் அடுப்படிக்குள் போய்விட்டாள். அவனை அனுப்பிவிட்டு நான் போய்க் கேட்டேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

“கதவைச் சாத்திப்போட்டு உங்களை உள்ள வெச்சுக்கிட்டாங்க. ஒருத்தரும் ஒண்ணுஞ் சொல்லுல. கரட்டு வேலா, இவரு உசுரோட வந்தாப் போதும், உத்தரத்துக்குக் கன்னத்துல அலகு குத்தி உன்ற சந்நிதிக்கு வருவாருன்னு வாயில வந்துபோச்சுங்க. அப்பறந்தான் இந்த மாத்தரை கொடுத்தாங்க. குத்துனா ரத்தம் நிக்காதுன்னு அப்பத் தெரியுமா எனக்கு?”

கரட்டு வேலன் எங்கள் ஊர்க் கரட்டில், அந்தச் சின்னக் குன்றின் மேல், இருக்கிற முருகன். என் பெயர் செங்கோட்டுவேல். அவன் பெயரையே சுமந்துகொண்டு அவனிடம் கடன்காரனாக நிற்கிறேன். இத்தனை மாதம் இதைத் தனியாக மனசில் வைத்துப் புழுங்கியிருக்கிறாள். வாய் ஓயாமல் பேசுகிறவள் இதைமட்டும் பேசவில்லை. அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

“இதுக்கா புள்ள அழுவறே? நான் பூமியில போடாத ஓட்டையா? கன்னத்துல ஒண்ணு போட்டுக்கறேன்” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

மாசி 18, வெள்ளி

ஈரோடு போய்வந்தோம். டாக்டரம்மாவிடம் கேட்டே விட்டேன்.

“சாமி கடனுங்க. ஒரு வாரம் மட்டும் மாத்திரையை நிறுத்திக்கலாமுங்களா?”

அந்தம்மா பேனாவைக் கீழே வைத்தார். “குழாய் வச்சு இன்னும் அரை வருஷங்கூட ஆகல. ஒரு வருஷத்துக்கு ரெண்டும் கட்டாயம். நடுவுல நீங்களா நிறுத்தினா குழாய்க்குள்ளயே ரத்தம் உறைஞ்சு மொத்தமா அடைச்சுக்கும். இங்க வந்து சேரவே நேரம் இருக்காது. பல்லுப் புடுங்கறதுன்னாலும் என்னைக் கேட்டுட்டுத்தான்.”

“அப்ப மாத்திரை போட்டுக்கிட்டே குத்திக்கிட்டா?”

“ஒரு சவரக் கீறலுக்கே ரத்தம் எவ்வளவு நேரம் நிக்காமப் போகுதுன்னு உங்களுக்கே தெரியும். அலகு வேண்டாம். முருகன் கோவிச்சுக்க மாட்டார். கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

பிறகு ஈசிஜி எடுக்க என்னை அனுப்பினார்கள். திரும்பி வந்தால், கதவுக் கண்ணாடி வழியே ஒரு கூத்து. சாமியாத்தாள் டாக்டரம்மாவுக்கு நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறாள். அந்தம்மா டார்ச் அடித்துப் பார்க்கிறார். என்ன என்று கேட்டதற்கு வாய்ப்புண் என்றாள். அப்படியே சர்க்கரையும் பார்த்துக்கொண்டாளாம், சர்க்கரை இல்லையாம். ஆஸ்பத்திரிக் கீழ்த்தளத்தில் ஒரு டி.டி. ஊசியும் போட்டுக்கொண்டாள். வீட்டு முற்றத்துத் தொட்டிக்கட்டில் துரு ஆணி கீறிவிட்டதாம். இதயத்துக்குப் பார்க்கிற டாக்டரிடம் வாய்ப்புண்ணைக் காட்ட இவளால்தான் முடியும்.

மாசி 25, வெள்ளி

சாமியாத்தாள் விரதம் ஆரம்பித்துவிட்டாள். ஒருவேளைச் சோறு, பாயில் படுக்கை. எனக்காகத்தான் என்று தெரிகிறது. நான் குத்தப் போவதில்லை என்பதால் சாமியிடம் மன்னிப்புக் கேட்கிறாள் போல.

இன்று காலை ஒரு மணிநேரம் வாயே திறக்கவில்லை. காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டாள்.

பங்குனி 1, வியாழன்

எங்கள் செவலைப் பசு போட்ட கன்று நேற்று செத்துவிட்டது. வயிறு உப்பி, வைத்தியர் வருவதற்குள் முடிந்தது. குழி வெட்டிப் புதைக்கும்வரை சாமியாத்தாள் கூடவே நின்றாள், ஒரு வார்த்தை இல்லை. இப்போதெல்லாம் தினமும் இப்படி உதட்டை இறுக்கிக்கொண்டு வேலை செய்கிறாள். வீடு கம்ப்ரசர் நின்ற ரிக் வண்டி மாதிரி கிடக்கிறது. இவ்வளவு அமைதி எனக்கு ஆகாது.

அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். சாமி குத்தம் என்று நினைக்கிறாள். இன்றைக்குக் கன்று, நாளைக்கு யாரோ என்று பயப்படுகிறாள். அதை வாய்விட்டுச் சொன்னால் நான் நொந்துகொள்வேன் என்று அடக்கிவைக்கிறாள்.

சாயந்தரம் கரட்டடிக்குப் போய்ப் பூசாரி பழனியப்பனைப் பார்த்தேன். அலகு குத்துகிறவர் அவர்தான்.

“எனக்குக் குத்தோணுமுங்க” என்றேன்.

“உங்களுக்குங்களா?” என்று ஒரு மாதிரி பார்த்தார். “மாத்தரை மருந்து ஏதாவது சாப்புடறீங்களா?”

“இல்லீங்க.”

“சரி, நாள் வரட்டும், பாத்துக்குவோம்” என்றார். கரட்டு வேலன் பார்க்க நின்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

பங்குனி 5, திங்கள்

காலையில் சாமியாத்தாள் தண்ணீரும் மாத்திரையும் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

வாங்கிக்கொண்டேன் என்று எழுதுவதில் பொய் ஒன்றும் இல்லை.

பங்குனி 6, செவ்வாய்

இன்றும் வாங்கிக்கொண்டேன். கன்னத்தின் உள்பக்கம் ஒதுக்கிக்கொண்டால் பேசக்கூட முடிகிறது. அவள் அந்தப் பக்கம் போனதும் முருங்கை மரத்தடியில். வெள்ளை கரைந்து கசந்தது.

ஒரு வாரம்தானே. உத்திரம் முடிந்த அன்றே மறுபடி ஆரம்பித்துவிடுவேன். அவள் முகம் தெளிந்தால் போதும்.

பங்குனி 8, வியாழன்

தோட்டத்துக்கு நடந்து போனேன். பாதி வழியில் நின்று நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டேன். வலி ஒன்றும் இல்லை. வலிக்கிறதா என்று பார்ப்பதே வலி மாதிரி இருக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது, அதை இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது.

சாமியாத்தாள் கருவேப்பிலை பறிக்க முருங்கைப் பக்கம் போனாள். எனக்கு உயிரே போய் வந்தது. நல்லவேளை, தரையைப் பார்க்கவில்லை.

பங்குனி 9, வெள்ளி

இதை இளமதி வீட்டுக்காரர் விட்டுப்போன பேனாவில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

காலையில் சவரம். கத்தி வழக்கம்போலக் கீறியது. சாமியாத்தாள் பஞ்சோடு வந்து கட்டைவிரலை வைத்தாள். இன்றைக்கு மௌனம் இல்லை, கதை இருந்தது. “எங்க பெரியப்பன் ஒருக்கா அந்தியூர்ச் சந்தைக்குக் குதிரை பாக்கப் போயி…” என்று ஆரம்பித்தாள். பெரியப்பன் இன்னும் சந்தைக்குப் போய்ச் சேரவில்லை. பஞ்சை எடுத்துப் பார்த்தாள். ரத்தம் நின்றுவிட்டது.

கன்னத்தையே பார்த்தாள். பிறகு பஞ்சைப் பார்த்தாள். பிறகு என் கண்ணைப் பார்த்தாள்.

“ஏனுங்க. ரத்தம் நின்னு போச்சு.”

“நல்லதுதானே புள்ள.”

“கதை ஆரம்பிக்கவே இல்லீங்களே. எப்புடி நின்னுச்சு?”

அவள் என் தாடையைப் பிடித்து, “எத்தனை நாளாச்சு?” என்று கேட்டாள். திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் பஞ்சை மறுபடி அந்த ரத்தமில்லாக் கீறலில் வைத்து அழுத்தினாள். அதைப் பார்த்ததும் முருங்கை மரம் வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் போன் போட்டதும் நாச்சிமுத்துவின் கார் வாசலில் வந்து நின்றது. விட்டுப்போன மாத்திரையை எல்லாம் சேர்த்து விழுங்கிவிடுகிறேன் என்றேன். அவள் விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, அவர்கள் நேரே வரச் சொன்னதும் என்னை வண்டியில் ஏற்றினாள். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். மாரடைப்புக்கான அறிகுறி இல்லை என்ற பிறகுதான் டாக்டரம்மா வாயைத் திறந்தார். திறந்தவர் மூடவில்லை.

“அஞ்சு நாள்! நெருப்பு மேல நடந்து வந்திருக்கீங்க. இப்ப நான் கூடுதலா மாத்திரை கொடுக்கறேன், இங்க நாங்க பக்கத்துல இருக்கறதால கொடுக்கறேன். இதைப் பார்த்துட்டு வீட்ல நீங்களாக் கூட்டிக் கொறைக்கக் கூடாது. ஒரு நாள் மறந்தாக்கூட மறுநாள் ரெண்டு நாளுக்கும் சேத்துப் போடறது கிடையாது. புரியுதா?”

புரிகிறது என்றேன். பிறகு சாமியாத்தாளைப் பார்த்து, “நீங்க இவர்கிட்ட இன்னும் சொல்லலையா?” என்றார்.

“சொன்னா வேண்டாம்பாருங்க” என்றாள் இவள்.

என்ன சொல்லவில்லை என்று கேட்டேன். இரண்டு பேரும் பேச்சை மாற்றிவிட்டார்கள்.

டாக்டரம்மா போன பிறகு சாமியாத்தாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ பேசாம இருந்தியே புள்ள. சாமிக்குப் பயந்துக்கிட்டுத்தான் இருக்கறியோன்னு நெனச்சேன்” என்றேன்.

“சாமி கோவிச்சுக்கிட்டாப் பொங்கல் வெச்சுச் சமாதானம் பண்ணிக்கலாமுங்க. உங்களைத் தொலைச்சுப்போட்டு நான் ஆருகிட்டப் பேசறது?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் பார்த்தார். பார்க்கட்டும்.

பங்குனி 10, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். மாத்திரை இரண்டும் போட்டேன். வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்துக்குள் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தாள். மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல. எனக்கு இது வேண்டியதுதான்.

பங்குனி 11, ஞாயிறு

மாத்திரை போட்டேன். துழாவினாள்.

அடுப்பில் சின்னக் கிண்ணத்தில் வெறும் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அடியில் ஏதோ வெள்ளியாக மினுங்கியது. எட்டிப் பார்த்தேன். “கொலுசுத் திருகாணிங்க, அழுக்குப் புடிச்சுக்கெடக்குது, அக்கட்டால போங்க” என்று விரட்டினாள்.

பங்குனி 12, திங்கள், உத்திரம்

விடிந்ததும் கரட்டடிக் கிணற்றுக்குப் போனோம். கன்னத்தில் வேல் இல்லாமல் வெறும் கையோடு கும்பிடத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். உள்ளூர ஒரு கூச்சம். அலகு குத்துகிறவர்கள் வரிசையாகக் குளித்து நின்றார்கள். சாமியாத்தாளும் போய்க் குளித்துவிட்டு, மஞ்சள் சேலையோடு அந்த வரிசையிலேயே நின்றாள்.

“அங்க ஏம் புள்ள நிக்கறே? இக்கட்டால வா” என்றேன்.

பழனியப்பன் அவள் கையில் காப்புக் கட்டிக்கொண்டே சொன்னார்: “போன மாசமே உங்கம்மிணி வந்து பூக் கேட்டுட்டாங்க. அவரு கடனை நான் சுமக்கலாமான்னு வெள்ளைப் பூவும் செவப்புப் பூவும் பொட்டணங் கட்டிப் போட்டுக் கேட்டோம். சாமி வெள்ளைப் பூக் கொடுத்துருச்சுங்க. வெள்ளைன்னா உத்தரவு. அன்னிக்கு நீங்க வந்து எனக்குக் குத்தோணும்னு நின்னதும் எனக்கு ஒண்ணும் ஓடல. உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு அம்மிணி சத்தியம் வாங்கியிருந்தாங்க. அவங்க காதுல மட்டும் போட்டு வெச்சேன்.”

“நீங்க பூசாரிகிட்டக் கேட்டதுல இருந்து உங்களை உத்துத்தான் பாத்துக்கிட்டு இருந்தேனுங்க. மாத்தரையில கைய வெப்பீங்கன்னு மட்டும் நெனைக்கவே இல்ல” என்றாள் அவள்.

ஆஸ்பத்திரியில் நீட்டிய நாக்கும், ஊசியும், கிண்ணத்தில் கொதித்த வெள்ளியும், அந்த ஊமை நாட்களும் எனக்கு அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்தன. பயத்தில் வாயை மூடவில்லை இவள். வேலோடு நடக்கும்போது பேசாமல் இருக்கப் பழகியிருக்கிறாள்.

“வேண்டாம் சாமியாத்தா. உன்ற நாக்குல வேண்டாம்.”

“நேந்தது இந்த நாக்குத்தானுங்களே” என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. நாக்கை நீட்டினாள்.

கொண்டை ஊசி நீளம்கூட இல்லாத வேல். பழனியப்பன் திருநீறு வைத்து, வேலா என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு சொட்டு வந்தது, நின்றது. அவளுக்கு நிற்கும். நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆயிரம் அடிப் பாறையை உடைத்தவன் இந்த ஒன்றைப் பார்க்க முடியாமல் நின்றேன்.

கரட்டுக்கு அதிகப் படி இல்லை. மேளம் முன்னால் போக, நான் அவள் பக்கத்தில் மெதுவாக ஏறினேன். வழக்கமாக அவள்தான் பேசுவாள். இன்று நான் பேசினேன். என்ன பேசுவது என்று தெரியாமல் அந்தியூர்ச் சந்தைக்குப் போன அவள் பெரியப்பன் கதையை எடுத்தேன். எனக்கு அது பாதிகூடத் தெரியாது, நானாகவே இட்டுக்கட்டினேன். பெரியப்பனைக் குதிரை உதைத்த இடத்தில் அவள் கண்ணால் சிரித்தாள்.

சந்நிதிக்குச் சற்றுக் கீழே, நிழல் இருந்த படியில் நின்றுவிட்டாள். மேளம் போகட்டும் என்று கையசைத்தாள். இடுப்பில் முடிந்திருந்த முடிச்சை அவிழ்த்தாள். அதில் வெள்ளையும் செவலையும். தோள்பையிலிருந்து இரண்டு இட்லியையும் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்து நீட்டினாள்.

தின்றேன். மாத்திரை இரண்டையும் விழுங்கினேன்.

அவள் நகரவில்லை. வேல் குத்திய நாக்கோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு, தன் கன்னத்தை ஒரு விரலால் தட்டிக் காட்டினாள்.

சுற்றிலும் ஊர் சனம். காவடிக்காரர்கள், குழந்தைகள், எங்கள் சம்பந்தி வீட்டார்கூட நின்றார்கள். நான் வாயை அகலத் திறந்து, இரண்டு கன்னத்தையும் காட்டி, நாக்கை வெளியே நீட்டினேன். படியில் எதிரெதிராக நாக்கை நீட்டிக்கொண்டு நின்றோம், நானும் என் பெண்டாட்டியும்.

அவள் தலையாட்டினாள். ஏறினோம்.

பங்குனி 13, செவ்வாய்

நாக்கு கொஞ்சம் வீங்கியிருக்கிறது. டாக்டரம்மா சொன்னபடி உப்புத் தண்ணீர் கொப்பளிக்கிறாள். கொப்பளித்து முடித்ததும், நான் பெரியப்பன் கதையைக் கெடுத்துவிட்டேன் என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். பாதி வார்த்தை குழறுகிறது.

மாத்திரையை விழுங்கிவிட்டேன். உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.